ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: அண்மையில் வாசித்த அறிவியல் புனைவுகளும் தொழில்நுட்ப நூல்களும்



நீண்ட விடுமுறையில் என் மேசையில் சேர்ந்த புத்தகங்கள் இம்முறை பெரும்பாலும் அறிவியல் புனைகதைகளாகவும் தொழில்நுட்ப நூல்களாகவும் அமைந்துவிட்டன. "தமிழாசிரியருக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே புத்தகங்களையும் அறிமுகப்படுத்துகிறேன்.

முதலில் நம் நிலைமையைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலர் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். எல்லாப் பள்ளிகளிலும் அப்படி இல்லை. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. பிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் வந்தது. அந்த விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். எந்தப் பள்ளியாக இருந்தாலும், படிவம் ஒன்றில் காலடி வைத்த நாளில் 'ஒளிச்சேர்க்கை' போய் 'போட்டோசிந்தெசிஸ்' வந்துவிடுகிறது. அதன் பிறகு தமிழ்ப் பாடவேளை என்றால் திருக்குறள், செய்யுள், நாவல், கட்டுரை. பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வருகிறது: உணர்ச்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் தமிழ், உலகம் எப்படி இயங்குகிறது என்று யோசிப்பதற்கு வேறு மொழி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. கால அட்டவணையே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இந்த இடைவெளியைப் புதிய பாடத்திட்டம் எதுவும் கேட்காமல், நம் கையில் இருக்கும் கட்டுரைப் பாடவேளையிலேயே கொஞ்சம் அடைக்க முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு அறிவியல் புனைகதை நல்ல கருவி. ஆனால் நாம் இப்போது பயன்படுத்தும் விதத்தில் அல்ல.

எந்த விதம் என்கிறீர்களா? "நான் உருவாக்க விரும்பும் இயந்திர மனிதன்." இந்தத் தலைப்பில் எத்தனை கட்டுரை திருத்தியிருப்பீர்கள்! இயந்திர மனிதன் வீடு கூட்டும், சமைக்கும், வீட்டுப்பாடம் செய்யும், திருடனைப் பிடிக்கும். கடைசிப் பத்தியில் அதை உருவாக்குவதே என் இலட்சியம் என்று முடியும். முப்பது பிள்ளைகள் எழுதினால் முப்பதும் ஒரே இயந்திரம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதில் வருவது அறிவியலே இல்லை, அலாவுதீன் பூதத்துக்கு மின்கலம் போட்ட கதை. பூதத்துக்கு விதி கிடையாது, விலை கிடையாது. அறிவியல் புனைகதைக்கு இரண்டும் உண்டு. வித்தியாசமே அதுதான்.

ஒரே ஒரு மாற்றம்

இதை நன்றாகக் காட்டும் கதை ஐசக் அசிமோவின் 'தி ஃபன் தே ஹேட்'. 1951-இல் சிறுவர்களுக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் நாலைந்து பக்கம்தான் வரும். இந்தியாவில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்ற கதை என்பதால் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம்.

கதை நடப்பது 2157-இல். மார்ஜி என்ற 11 வயதுப் பெண். அவளுக்குப் பள்ளிக்கூடம் வீட்டிலேயே, அவளுடைய அறைக்குப் பக்கத்தில்; ஆசிரியர் ஓர் இயந்திரம். டோமி என்ற பையன் வீட்டு மேல்மாடத்தில் ஒரு பழைய காகிதப் புத்தகத்தைக் கண்டெடுக்கிறான். பள்ளிக்கூடத்தைப் பற்றிய புத்தகம். ஒரு காலத்தில் மனிதர்கள் ஆசிரியராக இருந்தார்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்டடத்துக்குப் போனார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கதை அவ்வளவுதான்.

இதில் அசிமோவ் மாற்றியது ஒன்றே ஒன்று: ஆசிரியர் இருந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தார். மற்றதை எல்லாம் தொடவில்லை. வீட்டுப்பாடம் இருக்கிறது. தேர்வு இருக்கிறது. பாடத்துக்கு நேரமாச்சு என்று கூப்பிடும் அம்மா இருக்கிறார். ஏன், நம்ம நசிர் கூட இருக்கிறார்! புவியியலில் மார்ஜி தொடர்ந்து குறைந்த புள்ளி வாங்க, வட்டார ஆய்வாளர் கருவிப் பெட்டியோடு வந்து இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கிறார். பிள்ளையைக் குறை சொல்லாமல், புவியியல் பகுதி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, 10 வயதுப் பிள்ளையின் சராசரி அளவுக்குக் குறைத்துவிட்டுப் போகிறார். ஆய்வாளர் வந்து பிள்ளையை விட்டுவிட்டுப் பாடத்தின் வேகத்தைத் திருத்தும் காட்சியை நான் இரண்டு முறை படித்தேன் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நம் மாணவர்களுக்கு இந்தக் கதை இன்னொரு வகையிலும் நெருக்கமானது. 2020, 2021-இல் இல்லிருப்புக் கற்றலில் இருந்தவர்கள் அவர்கள். திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து பாடம் கேட்டது அவர்களுக்குக் கற்பனை இல்லை. ஆகவே "மார்ஜி எதை இழந்தாள்?" என்று கேளுங்கள். புத்தகத்தை, ஆசிரியரை என்று முதலில் சொல்வார்கள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால், எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்ததால் ஒருவருக்கொருவர் வீட்டுப்பாடத்தில் உதவிக்கொள்ள முடிந்தது என்ற இடத்துக்கு வருவார்கள். கதையின் இதயம் அதுதான்.

இப்போது கட்டுரைத் தலைப்பை மாற்றிக் கொடுங்கள். "உங்கள் தாமானில் ஒன்றே ஒன்று மாறுகிறது, மற்றவை அப்படியே." பொய் சொன்னால் கைப்பேசி சிவப்பாக ஒளிரும் என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு இலாபம்? யாருக்கு நட்டம்? கடைக்காரர் என்ன செய்வார்? மருத்துவர் நோயாளியிடம் எப்படிப் பேசுவார்? பாட்டி சமையலைப் புகழ வேண்டிய நேரத்தில் பேரன் கைப்பேசியை எங்கே ஒளித்து வைப்பான்? முப்பது பிள்ளைகளும் முப்பது விதமாக எழுதுவார்கள். 'அப்படியென்றால்', 'ஆனால்', 'அதனால்', 'இல்லாவிட்டால்' என்ற இணைப்புச் சொற்கள் தாமாகவே வந்து உட்காரும். காரணமும் விளைவும் தமிழில் ஓடத் தொடங்கிவிட்டால் பாதி அறிவியல் வந்த மாதிரிதான்.

தமிழில் முன்மாதிரி வேண்டுமென்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கவே இருக்கிறது. ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்தது. நாம் தாண்டி வந்துவிட்ட 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். கருவியைத் தெரிந்தவர் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜீனோ என்ற இயந்திர நாய் பேசும் பக்கங்களே போதும். கதைப்போக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. வாரம் ஒரு திருப்பம் வைத்தே ஆகவேண்டிய அவசரம் தெரிகிறது. ஆனாலும் அந்தக் குட்டிக் குட்டி வாக்கியங்களை மாணவர்களிடம் காட்டுங்கள். கலைச்சொல்லைக் கண்டு தயங்காமல், விளக்கம் சொல்லி நிற்காமல், கதையோடு கதையாகக் கொண்டுபோகிறார்.

ஓர் அறிவியல் ஆசிரியர், ஒரு வேற்றுலகவாசி, ஓர் அகராதி

ஆண்டி வியர் எழுதிய 'பிராஜெக்ட் ஹெயில் மேரி' 2021-இல் வந்த நாவல். கதாநாயகன் ரைலண்ட் கிரேஸ் இடைநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். இராணுவ வீரர் இல்லை, பெரிய விஞ்ஞானியும் இல்லை, நம்மைப் போல வகுப்புக்குப் போகிறவர். நினைவு தப்பிய நிலையில் எங்கோ கண் விழிக்கிறார். தன் பெயர்கூடத் தெரியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அவர் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? பொருள்களைக் கீழே போட்டு, விழ எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறார். கணக்குப் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 15 மீட்டர் என்று வருகிறது. பூமியில் அது 9.8. அப்படியென்றால் நான் பூமியில் இல்லை!

இந்த ஒரு பக்கத்தை வகுப்பில் செய்து பார்க்கலாம். 1 மீட்டர் உயரத்திலிருந்து அழிப்பானைப் போட்டால் பூமியில் ஏறக்குறைய 0.45 வினாடியில் தரையைத் தொடும். கிரேஸ் இருந்த இடத்தில் 0.37 வினாடி. நிலாவில் என்றால் 1.1 வினாடி, அதாவது "ஒன்று" என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம். கைப்பேசியில் மெதுவியக்கப் படம் எடுத்து அளந்தால் இன்னும் நல்லது. 'ஈர்ப்பு', 'முடுக்கம்', 'விடுபட்டு விழுதல்' என்ற சொற்களைத் தமிழாசிரியர் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும். பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கதையின் அடிப்படை இதுதான்: சூரியனின் ஆற்றலைத் தின்று வாழும் நுண்ணுயிர் ஒன்று சூரியனை மங்கச் செய்கிறது. சுற்றியுள்ள விண்மீன்களும் மங்குகின்றன. சுமார் 12 ஒளியாண்டு தொலைவில் உள்ள டாவ் செட்டி மட்டும் மங்கவில்லை. ஏன் என்று பார்க்கத்தான் கிரேஸ் அனுப்பப்பட்டிருக்கிறார். அங்கே போனால் இன்னோர் உலகத்திலிருந்து அதே காரணத்துக்காக வந்த ஓர் உயிரைச் சந்திக்கிறார். ஐந்து கால்கள், பாறை போன்ற ஓடு, கண்ணே கிடையாது. ஒலியால்தான் உலகத்தை உணர்கிறது. பேசுவதும் ஒரே நேரத்தில் பல சுரங்கள் கலந்த ஒலியில். கிரேஸ் அதற்கு ராக்கி என்று பெயர் வைக்கிறார்.

மொழியாசிரியருக்கு இந்த நாவலின் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பொதுவான சொல் ஒன்றுகூட இல்லாத இருவர் எதிலிருந்து ஆரம்பிப்பார்கள்? 'அம்மா', 'வீடு' என்றா? இல்லை. நேரத்திலிருந்தும் எண்களிலிருந்தும். ராக்கி ஒரு கடிகாரத்தைக் காட்டுகிறது; கிரேஸ் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ராக்கியின் கைகளில் மும்மூன்று விரல்கள். அதன் எண்ணும் முறை ஆறின் அடிப்படையில் அமைந்தது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதற்கும் நம் விரல்தானே காரணம்! பிறகு பொருள்களின் பெயர், பிறகு வினை. கிரேஸ் ஒலிகளைக் கணினியில் பதிவு செய்து ஒரு அட்டவணை தயாரிக்கிறார். பார்க்கப்போனால் அது ஓர் அகராதி.

ராக்கி கேள்வி கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் 'கேள்வி' என்று பொருள்படும் ஓர் ஒலியைச் சேர்த்துவிடுகிறது. ஆங்கில வாசகருக்கு இது விநோதமாக, சிரிப்பாக இருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு? 'வந்தாய்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'வந்தாயா'. நாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் வினா எழுத்து. வாக்கிய வரிசையைக் கலைக்காமல் கடைசியில் ஒன்றை ஒட்டிக் கேள்வியாக்கும் வேலையில் ராக்கி நம் பக்கம். இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வியரின் நகைச்சுவை சில இடங்களில் அளவுக்கு மீறுகிறது. கிரேஸையும் ராக்கியையும் தவிர மற்ற பாத்திரங்களில் ஸ்ட்ராட் என்ற கண்டிப்பான பெண் அதிகாரி ஒருவர்தான் மனத்தில் நிற்கிறார். கணக்குகளைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம், கதை விட்டுப்போகாது. முடிவைச் சொல்ல மாட்டேன். ஆசிரியராக இருந்தால் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே மூடுவீர்கள் என்பது மட்டும் உறுதி.

எழுத்து என்ற தொழில்நுட்பம்

இந்த விடுமுறையில் என்னை மிகவும் உலுக்கியது நாவல் அல்ல, ஒரு நெடுங்கதை. டெட் சியாங் 2013-இல் எழுதிய 'தி ட்ரூத் ஆஃப் ஃபேக்ட், தி ட்ரூத் ஆஃப் ஃபீலிங்'. 'எக்ஸ்ஹலேஷன்' என்ற 2019 தொகுப்பில் இருக்கிறது. சியாங் மிகக் குறைவாக எழுதுபவர். கணினி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுவது அவருடைய தொழிலாக இருந்தது. 'அரைவல்' என்ற 2016 திரைப்படம் அவருடைய கதையிலிருந்து வந்ததுதான்.

கதையில் இரண்டு இழைகள். ஒன்று எதிர்காலத்தில்: வாழ்நாள் முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்து, நினைத்த மாத்திரத்தில் தேடிக் காட்டும் ரெமெம் என்ற கருவி வந்திருக்கிறது. இன்னொன்று கடந்த காலத்தில்: நைஜீரியாவின் திவ் இனத்தைச் சேர்ந்த ஜிஜிங்கி என்ற சிறுவன், ஊருக்கு வந்த ஐரோப்பியப் பாதிரியாரிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். ரெமெமும் எழுத்தும் ஒரே வகைப் பொருள்கள் என்பதுதான் சியாங் வைக்கும் வாதம். இரண்டும் நினைவை உடலுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கின்றன. எழுத்து நமக்குப் பழகிவிட்டதால் அது ஒரு தொழில்நுட்பம் என்பதே மறந்துபோய்விட்டது.

ஜிஜிங்கி எழுதத் தொடங்கும்போது ஒரு சிக்கல். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடு என்கிறார் பாதிரியார். எங்கே விடுவது என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் காதுக்குப் பேச்சு ஒரே ஓட்டமாகத்தான் கேட்கிறது. பழகப் பழக, தான் பிறந்ததிலிருந்து பேசி வந்தது தனித்தனிச் சொற்களால் ஆனது என்று ஒரு நாள் தெரிகிறது. தெரிந்த பிறகு யார் பேசினாலும் சொற்கள் தனித்தனியாகக் கேட்கின்றன.

இந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொண்டேன். சுவடியில் பொதுவாகச் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைப்பதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் எழுத்தில் வேறுபடாமல் கிடந்து, வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் இன்றைய வடிவம் நிலைபெற்றது. படிப்பவர் வாய்விட்டுப் படித்து, பொருளை வைத்துச் சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த வேலையில் பெரும்பகுதி இதுதான்: எங்கே ஒரு சொல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தீர்மானிப்பது.

நாம் 'பிரித்து எழுதுக', 'சேர்த்து எழுதுக' என்று பயிற்சித் தாள் கொடுக்கிறோம். பிள்ளைகள் அதை ஏதோ தண்டனை மாதிரி செய்கிறார்கள். அடுத்த முறை பயிற்சித் தாளுக்கு முன்னால் ஒரு சின்ன விளையாட்டு வையுங்கள். அன்றைய நாளிதழிலிருந்து இரண்டு வரி எடுத்து, இடைவெளி இல்லாமல், புள்ளி இல்லாமல், வெண்பலகையில் எழுதிப் போடுங்கள். படிக்கச் சொல்லுங்கள். தடுமாறுவார்கள், வாய்விட்டுப் படிப்பார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி பிரிப்பார்கள், சண்டை வரும். பிறகு சொல்லுங்கள்: நம் முன்னோர் இப்படித்தான் படித்தார்கள், புள்ளியும் இடைவெளியும் யாரோ கண்டுபிடித்த கருவிகள்.

கதையின் மறுபாதி இன்னும் ஆழமானது. திவ் மொழியில் உண்மைக்கு இரண்டு சொற்கள் என்கிறது கதை. நடந்ததைத் துல்லியமாகச் சொல்வது ஒன்று. அனைவருக்கும் சரியானது எதுவோ அது இன்னொன்று. ஒரு குலத் தகராறில் பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் வம்சாவளி ஒன்றாகவும், முன்பு அரசு அதிகாரி எழுதி வைத்த தாள் வேறொன்றாகவும் இருக்கிறது. படிக்கத் தெரிந்த ஜிஜிங்கி எதை நம்ப வேண்டும்? இந்தக் கேள்வியைத் தமிழ் வகுப்பில் கேட்க நமக்குப் புது ஏற்பாடு எதுவும் தேவையில்லை. உண்மை, வாய்மை, மெய்மை என்று மூன்று சொல் நம்மிடம் இருக்கிறது. குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையில் இடம் உண்டு என்று வள்ளுவர் சொல்லும் குறளும் இருக்கிறது. அதே அதிகாரத்தை ரெமெம் கருவியோடு சேர்த்துக் கேளுங்கள்: வீட்டில் நடந்த ஒவ்வொரு சண்டையும் பதிவாகி, யார் முதலில் என்ன சொன்னார் என்று உடனே போட்டுப் பார்க்க முடிந்தால் குடும்பம் நல்லா இருக்குமா, கெட்டுப் போகுமா? படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இதில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

பதில் சொன்னால் புரிந்துகொண்டதாக ஆகுமா?

இனித் தொழில்நுட்ப நூல்கள். ஜோசப் வைசன்பாமின் 'கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹியூமன் ரீசன்' 1976-இல் வந்த பழைய நூல். இப்போது ஏன் தேடிப் படித்தேன் என்றால், செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரை நம் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டது. அதைப் பற்றிப் புலனக் குழுக்களில் ஓடும் பேச்சில் பயமும் கேலியும்தான் அதிகம், விளக்கம் குறைவு.

வைசன்பாம் நாஜி ஜெர்மனியிலிருந்து 1936-இல் குடும்பத்தோடு வெளியேறிய யூதர். பின்னர் எம்ஐடியில் பேராசிரியர். 1966-இல் எலைசா என்ற உரையாடல் நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பேசக் கற்றுக்கொள்ளும் பெண்ணாக பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் வருபவளின் பெயர் அது. நிரல் மனநல ஆலோசகர்போல் பேசும். உண்மையில் அது செய்வது மிகச் சின்ன வேலை: நீங்கள் தட்டச்சு செய்த வாக்கியத்தில் ஒரு முக்கியச் சொல்லைப் பிடித்து, 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கி, கேள்வியாகத் திருப்பிக் கொடுக்கும். அவர் அதை உருவாக்குவதைப் பல மாதம் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்சம் பேசிய பிறகு, அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்தரங்கமாகப் பேச வேண்டுமாம்! வைசன்பாமை ஆட்டிவைத்தது இதுதான். இயந்திரத்தால் செய்ய முடிகிறதா என்பதோடு நிறுத்தாமல், செய்யவிட வேண்டுமா என்றும் கேட்கவேண்டும் என்று அவர் நூல் முழுக்க வாதாடுகிறார். நடை கனமானது, சில அத்தியாயங்கள் கணினி எப்படி இயங்குகிறது என்று விளக்குவதிலேயே போய்விடுகின்றன. முன்னுரையை மட்டுமாவது படியுங்கள்.

இன்றைய உரையாடல் இயந்திரங்கள் எலைசா அல்ல. அவை பெருந்திரளான எழுத்துகளில் பயிற்சி பெற்று, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கொடுப்பவை. இரண்டும் ஒன்று என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. ஆனால் பதில் நன்றாக இருந்தால் அது நம்மைப் புரிந்துகொண்டது என்று நினைக்கும் பழக்கம் 1966-இல் இருந்ததுதான் இன்றும் இருக்கிறது.

இதை வகுப்பில் காட்டக் கணினியே வேண்டாம். ஒரு மாணவர் இயந்திரமாக இருக்கட்டும். அவர் கையில் விதி அட்டை: "எதிரில் இருப்பவர் சொல்வதை 'ஏன்' சேர்த்துக் கேள்வியாக்கு." எதிரில் இருப்பவர் "நான் நேற்றுப் பள்ளிக்கு வரவில்லை" என்றால், இயந்திரம் "நீ ஏன் நேற்றுப் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்கும். சுலபம். "நான் தினமும் நடந்து வருகிறேன்" என்றால்? 'நீ' போட்டால் மட்டும் போதாது, 'வருகிறாய்' ஆகவேண்டும். 'நாங்கள்', 'அவள்', 'அது' என்று வந்தால் முற்று மாறிக்கொண்டே போகும். ஆக, ஒரு தமிழ் எலைசாவுக்கு விதி எழுத உட்கார்ந்தால் திணை, பால், எண், இடம் முழுவதையும் எழுதியாக வேண்டும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. பத்து நிமிடம் ஆனதும் இயந்திரமாக இருந்த மாணவரிடம், "எதிரில் இருந்தவர் சொன்னது உனக்கு மனசுல நின்னுச்சா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நின்றிருக்காது. விதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

காசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' நாவலையும் இதோடு சேர்த்துப் படித்தேன். இயந்திரத் தோழி ஒருத்தி சொல்லும் கதை. அழகானது, மெதுவானது, வகுப்புக்கு ஒத்துவராது.

பினாங்கு வழியாக ஒரு சில்லு

கடைசியாக கிறிஸ் மில்லரின் 'சிப் வார்', 2022. சில்லு என்று நாம் சொல்லும் குறைக்கடத்தியின் வரலாறு. 1958-இல் ஜாக் கில்பி முதல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியதிலிருந்து, 1987-இல் மோரிஸ் சாங் தைவானில் டிஎஸ்எம்சி தொடங்கியது, இன்று அமெரிக்காவும் சீனாவும் இதற்காக மோதுவது வரை. நூலின் மையம் வல்லரசு அரசியல். அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிப் போனேன். நின்று படித்தது இரண்டு இடங்கள்.

ஒன்று, நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் செய்யும் இயந்திரம். சில்லின் மேல் மிக நுண்ணிய கோடு வரைய 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அதை உண்டாக்க, உருகிய வெள்ளீயத் துளிகளை வெற்றிடத்தில் வினாடிக்கு 50,000 வீதம் பாயவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் இரண்டு முறை அடிக்கிறார்கள். முதல் அடி துளியைச் சூடாக்க, இரண்டாவது அடி அதை வெடித்து ஒளிரச் செய்ய. இதைத் தமிழில் ஒரு பத்தியாக விளக்கி எழுதச் சொல்லிப் பாருங்கள். விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

இன்னொன்று, பெண் தொழிலாளர்களைப் பற்றிய அத்தியாயம். சில்லை உறையில் பொருத்தி, முடியைவிட மெல்லிய கம்பியால் இணைக்கும் வேலைக்குக் கைகள் வேண்டும். அமெரிக்காவில் கூலி அதிகம். 1963-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் ஹாங்காங்கில் பொருத்தும் ஆலை தொடங்கியது. பிறகு சிங்கப்பூர், பிறகு நம் பினாங்கு. 1972-இல் இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை பாயான் லெப்பாஸில் அமைத்தது. அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ அந்தத் தடையற்ற வணிக மண்டலத்துக்கு முதலீட்டாளர்களை நேரில் போய் அழைத்து வந்தவர். ஆலைகளில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஃபேக்டரி பஸ் ஏறிப் போனவர்கள்.

அவர்களில் பலர் இன்று நம் மாணவர்களின் பாட்டிமார், பெரியம்மாமார். பினாங்கிலும் கூலிமிலும் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மில்லர் எழுதியது நிறுவனங்களின் பக்கத்திலிருந்து. இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்து தமிழில் எழுத வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது. நேர்காணல் எழுதும் பயிற்சிக்கு இந்த முறை "நான் விரும்பும் தலைவர்" வேண்டாம். "ஆலையில் முதல் நாள் உங்க கையில என்ன கொடுத்தாங்க, பாட்டி?" என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பாட்டி 'மைக்ரோஸ்கோப்', 'ஷிப்ட்', 'சூப்பர்வைசர்' என்றே சொல்வார், அப்படியே எழுதட்டும். நுண்ணோக்கி, பணிமுறை, மேற்பார்வையாளர் என்று மாற்றி எழுதுவதா வேண்டாமா என்பதை வகுப்பில் வைத்துப் பேசலாம். என் கட்சி, மேற்கோளுக்குள் பாட்டியின் சொல், வெளியே மாணவரின் சொல்.

நேரம் இல்லாதவர்களுக்கு: அசிமோவின் கதை ஒரு தேநீர் நேரம். வியரின் நாவலுக்கு ஒரு வாரம் வேண்டும். படிவம் இரண்டு, மூன்றுக்கு முதல் அத்தியாயத்தை நீங்களே தமிழில் கதையாகச் சொன்னால் போதும். 'சிப் வார்' நூலில் பெண் தொழிலாளர் அத்தியாயத்தையும் ஒளி இயந்திரம் பற்றிய பக்கங்களையும் முதலில் எடுங்கள். சியாங்கின் கதையைக் கீழ்ப்படிவங்களுக்குக் கொடுக்க வேண்டாம். தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே வரும் ஒரு பகுதி அவர்களுக்குப் புரியாது. நமக்குப் புரியும், அதைப் படித்த இரவு எனக்குச் சீக்கிரம் தூக்கம் வரவில்லை.